அந்தமானுக்குச் சும்மா போகிறோம்

குருசுக்குப்பம், புதுச்சேரி
18-12-1958

சௌபாக்கியவதி ரஞ்சிதத்துக்கு உன் அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுகிறேன். செங்கழுநீரம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறோம், கொஞ்சம் அளவுக்கு மீறியே நடமாடுகிறோம், அந்தக் கதையைத்தான் இப்போது எழுதப் போகிறேன். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், நீயும் மாப்பிள்ளை ராமதாசும் சின்னவனும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், மாப்பிள்ளைக்குக் கப்பற்படையில் இந்த மாதம் கரை வேலையா கடல் வேலையா என்று எழுதவும். ஊரிலிருந்து கடிதம் வந்தால் நீ கடைசி வரியைத்தான் முதலில் படிப்பாய் என்று எனக்குத் தெரியும், யாராவது செத்துப்போனார்களா என்று பார்க்க. யாரும் சாகவில்லை, யாருக்கும் கல்யாணம் நிச்சயமாகவில்லை, உன் அப்பாவின் மானம் மட்டும் வீராம்பட்டினம் கரையில் போய்விட்டது, அதுவும் பாவம் எத்தனை நாள்தான் தாங்கும். ஆகையால் பதறாமல் முதலிலிருந்தே படி.

எல்லாவற்றுக்கும் நீதான் காரணம். போன வைகாசியில் ஒரு போட்டோ அனுப்பினாய் அல்லவா, தூலோனில் உங்கள் பக்கத்து வீட்டுக் கிழவரும் அவர் சம்சாரமும் ஏதோ ஒரு தீவில் மணலில் உட்கார்ந்து முலாம்பழம் தின்கிற போட்டோ, ஆளுக்கொரு வைக்கோல் தொப்பி, காலில் செருப்புகூட இல்லை. நீ வேடிக்கைக்குத்தான் அனுப்பியிருப்பாய். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, இவங்க அங்க யாரு ஊட்டு விசேஷத்துக்குப் போனாங்க என்று கேட்டாள். எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்பதால், பிரெஞ்சுக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி வக்கான்ஸ் போவார்கள் என்று விளக்கினேன். வக்கான்ஸ்னா பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு லீவு உடறதாச்சே, இவங்க இந்த வயசுல எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிறாங்க என்றாள். என் விளக்கத்தில் நம்பிக்கையில்லாமல்தான் உனக்கு எழுதிக் கேட்கச் சொன்னாள், நீயும் அவர்கள் சும்மாதான் போகிறார்கள் அம்மா என்று ஒரே வரியில் பதில் போட்டாய். அந்த ஒரு வரி இந்த வீட்டில் செய்த வேலையை ஒரு வக்கீல் பத்துப் பக்கம் எழுதியும் செய்திருக்க முடியாது. அம்மா அந்தப் போட்டோவைக் கண்ணாடிச் சட்டத்தில் செருகிவைத்தாள், தினமும் தலை வாரும்போது பார்த்தாள். பிறகு ஒருநாள் வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் உரித்துக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னாள், கடலூருக்குப் போனேன், எங்க அக்கா மாமியா செத்ததுக்கு. காரைக்காலுக்குப் போனேன், தங்கச்சி பிரசவத்துக்கு. மதராசுக்குப் போனேன், நம்ம பொண்ணக் கப்பலேத்த, போகையிலயும் அழுவ, வரையிலயும் அழுவ, வழியில என்னா ஊரு இருந்துச்சுன்னே தெரியல. ஒண்ணுக்குமில்லாம ஒரு தடவ எங்கயாச்சும் போயிட்டு வரணும்ங்க, யாரும் பொறக்காம, யாரும் சாவாம. ரஞ்சிதம், உன் அம்மா என்னிடம் நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. நான் உடனே மார்பைத் தட்டி, தை பிறக்கட்டும் சொர்ணம், ஒரு தீவுக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டேன். கூத்தில் ராஜா வேஷம் போட்டவன் சபதம் செய்கிற மாதிரி சொன்னேன் என்று அம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

தீவு என்று சொல்லியாகிவிட்டது, எந்தத் தீவு என்று பிறகுதான் யோசித்தேன். இலங்கை என்றால் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட் என்றால் நாம் பிரான்சா இந்தியாவா என்று எழுதவேண்டும், கொடி மாறி நாலு வருஷமாகியும் அது காகிதத்தில் இன்னும் தீர்ந்தபாடில்லை, நான் யாரென்று எனக்கே தெரிந்துகொண்டு கிளம்புவதற்குள் மிச்சமிருக்கிற பல்லும் போய்விடும். அப்போதுதான் உன் சின்னம்மா மகன் கோவிந்தராசு நினைவுக்கு வந்தான், அவன் அந்தமானில் போர்ட்பிளேரில் மரம் அறுக்கிற மில்லில் இருக்கிறானே, அவனுக்கு எழுதினேன். தாராளமா வாங்க பெரியப்பா, மதராசிலிருந்து கப்பல் இருக்கிறது, இங்கே கழுத்தளவு தண்ணீரில் நின்றால் கால்விரல் தெரியும், மஞ்சளும் நீலமுமாக மீன் வந்து காலை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும் என்று எழுதினான். அம்மாவுக்கு அந்தக் கால்விரல் சமாச்சாரம் பிடித்துப்போய்விட்டது. பொறந்ததிலேர்ந்து கடக்கரையில இருக்கேன், முழங்காலுக்குக் கீழ என் காலையே தண்ணியில பாத்ததில்ல என்றாள். ஆனால் நான் இதை என்னோடு துறைமுகத்துச் சுங்கத்தில் வேலை பார்த்த முசே நாராயணசாமியிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தமானா, என்னா கேசு குமாரவேலு என்று கேட்டார். வெள்ளக்காரன் காலத்துல அந்தமானுக்கு ஒருத்தன அனுப்பணும்னா ஜட்ஜு தீர்ப்பு எழுதணும், நீ ஒரு தீர்ப்பும் இல்லாம சம்சாரத்தோட போறியா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கள் தெருவுக்கு என்னைவிட வேகமாக வந்து சேர்ந்துவிட்டது. சுங்கத்தில் இருந்த ஆள், ஓய்வு பெற்றதும் அந்தமானுக்குப் போகிறான் என்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள், நானாயிருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

இதற்கிடையில் நாங்கள் பயணத்துக்கு உடம்பைத் தயார் செய்துகொண்டிருந்தோம். விடிந்ததும் கடற்கரைச் சாலையில் நடை, கலங்கரை விளக்கம் தாண்டி, புயலில் விழுந்த பழைய கப்பல் பாலத்தின் கம்பிகள் நிற்கிற இடம் வரை போய்த் திரும்புவோம். நான்தான் கைக்கம்போடு முன்னால் நடந்து அவளுக்கு மூச்சு விடும் முறை சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. மூன்றாம் நாளே அவள் முன்னால் போய்விட்டு, தபாலாபீஸ் எதிரில் நின்று, மூச்ச வுட்டுட்டீங்களா, வரலாமா என்று குரல் கொடுத்தாள். பிறகு ஆளுக்கொரு தொப்பி வாங்கினேன். எனக்கு வாங்கிய தொப்பியைப் போட்டால் கடைத்தெரு நாய்கள் குரைக்கின்றன, அம்மா போட்டால் ஒன்றும் சொல்வதில்லை, ஆகையால் இரண்டு தொப்பியும் அவளுக்கே ஆகிவிட்டது. குளிப்பதற்கென்று ஒரு கால்சட்டையும் வாங்கினேன், ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது ஏலத்தில் விட்ட சாமான்களில் இருந்தது, சிவப்பில் வெள்ளைக் கோடு. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். மேலே தொப்பை, கீழே இரண்டு கொக்குக்கால், நடுவில் பிரெஞ்சு சர்க்கார். அம்மா வெளியே போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது, எனக்கு எல்லாம் தெரிந்தது. அங்கே நான் வேட்டியோடுதான் இறங்கப் போகிறேன், கால்சட்டை மாப்பிள்ளைக்கு வேண்டுமானால் எழுது, பார்சல் பண்ணுகிறேன்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, அது உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தும் எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. என் அப்பா என்னைக் கட்டுமரத்தில் ஏற்றிய முதல் நாளே நான் வாந்தியெடுத்து வலையை நாசமாக்கினேன், இவன் இதுக்கு ஆவமாட்டான், படிக்கப் போட்ருங்க என்று அன்றைக்கே தீர்மானமாயிற்று, நான் படித்ததும் உத்தியோகம் பார்த்ததும் அந்த வாந்தியின் தயவால்தான். கப்பலில் வந்த சரக்கையெல்லாம் கரையில் நின்று சோதித்தே காலத்தை ஓட்டிவிட்டேன். இப்போது அந்தமானுக்கு நாலு நாள் கப்பல். பயிற்சி செய்தால் எதுவும் வரும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை, ஆகையால் கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு நாளில் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் வீராம்பட்டினம் போய், உன் அத்தை கன்னியம்மாள் மகன் சுப்ரமணியிடம் என்னைக் கொஞ்ச தூரம் கடலுக்குள் கொண்டுபோய்க் கொண்டுவரும்படி கேட்டேன். அவன் நல்ல பிள்ளை, கேள்வி கேட்கவில்லை, கட்டுமரத்தில் உட்காரவைத்துத் தள்ளினான். அலையைத் தாண்டும்வரை நான் வீரனாகவே இருந்தேன். தாண்டியதும் காலையில் தின்ற இட்லி, முதல் நாள் தின்ற சோறு, அதற்கும் முந்தைய நாள் தின்றது என்று வரிசையாகக் கணக்கு ஒப்படைத்தேன். கரைக்கு வந்தபோது நடக்க முடியவில்லை, இரண்டு பேர் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மீன் வாங்க நின்ற பெண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள், அவர்கள் நடுவில் கருவாட்டுக் கூடையோடு உன் அத்தையும் நின்றாள்.

உன் அத்தையைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை, என் அக்காதான், ஆனால் இன்றைக்கும் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கு வேட்டி அவிழ்கிற மாதிரி இருக்கும். ஊர்ப் பெண்கள் நடுவில், டேய் குமாரவேலு, இந்த வயசுல ஒனக்கு என்னாத்துக்குடா கடலு, அந்தமானுக்குப் போறியாமே, இன்னா பண்ணிட்டு ஓடற என்று கேட்டாள். அப்போது நான் வக்கான்ஸ் என்று சொல்லியிருக்கவேண்டும். சொர்ணம் ஆசைப்பட்டாள், சும்மா போகிறோம் என்று சொல்லியிருக்கவேண்டும். உதட்டில் வாந்தி, இடுப்பில் ஈரவேட்டி, எதிரே முப்பது பெண்கள், அந்த நிலையில் எனக்கு அந்தச் சின்ன வார்த்தை வரவில்லை. கோவிந்தராசு சம்சாரம் தனக்கொடி முழுகாமல் இருக்கிறாள் என்று அவன் கடிதத்தில் படித்தது ஞாபகம் வந்தது, அதை அப்படியே எடுத்து, பிரசவம் பாக்கப் போறோம்க்கா, சொர்ணத்த வரச்சொல்லி எழுதியிருக்கான் என்று சொல்லிவிட்டேன். தலைப்பிரசவமாச்சே, பொண்ணு தாய் வீட்டுக்கு வரணுமே என்று ஒருத்தி கேட்டாள். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக்கொடுத்தால்தானே நிற்கும், மாசமா இருக்குற பொண்ணு கப்பலேறக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு என்றேன். உண்மை என்னவென்றால் தனக்கொடியின் அம்மாவே போன மாதம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள், எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள். ஆனால் என் பொய் எவ்வளவு நன்றாக வேலை செய்தது தெரியுமா. அந்த நிமிஷமே எல்லார் முகமும் மாறிவிட்டது. கேசும் இல்லை, கிறுக்கும் இல்லை, பாவம் நல்ல காரியத்துக்குப் போகிறார்கள் என்று ஆகிவிட்டது. உன் அத்தை கூடையை இறக்கிவைத்து என் முகத்தைத் துடைத்துவிட்டாள். நான் வீட்டுக்கு வரும்போது ஏதோ சாதித்த மாதிரி வந்தேன்.

அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை, சொல்ல அவசியமும் வரவில்லை, மறுநாளே வீராம்பட்டினத்திலிருந்து சாமானோடு வண்டி வந்துவிட்டது. நம் ஜனங்களுக்குக் கடல் கடந்து போகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பத் தெரியாது, அதிலும் பிரசவம் என்றால் கேட்கவே வேண்டாம். பால் சுரப்பதற்கு என்று பால்சுறாக் கருவாடு ஒரு பெரிய ஓலைப்பெட்டி நிறைய. பிரசவ லேகியம் இரண்டு ஜாடி, ஒன்று காரம், ஒன்று அதைவிடக் காரம். பெருங்காயம், பூண்டு, விளக்கெண்ணெய், குழந்தையைச் சுற்ற நைந்த வேட்டித் துணி ஒரு மூட்டை, தூளி கட்ட ஒரு நூல் புடவை, வசம்பு வளையல், கடைசியாக யாரோ ஒரு புண்ணியவதி குழந்தையைக் குளிப்பாட்ட உட்காருவதற்கென்று ஒரு மணைக்கட்டை. பிறகு விருந்து. பயணம் போகிறவர்களுக்கு விருந்து வைக்காமல் விடுவார்களா, வீடு வீடாகக் கூப்பிட்டார்கள், போகும் இடமெல்லாம் அம்மாவிடம் வென்னீர் இப்படி ஊற்று, மூன்றாம் நாள் இதைக் கொடு, பத்தாம் நாள் அதைக் கொடு என்று பாடம். முதல் வீட்டில் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அப்பளத்தைப் பார்த்தேன். இரண்டாவது வீட்டில் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தன் தொப்பியை ஆணியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, என் கையில் கொடுத்தாள். பிரசவத்துக்கு நான் போனதில்லியா, நாப்பது வருசமா அதுக்குத்தான போறேன், நீங்க போயிப் பாத்துட்டு வாங்க என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தேன், போட்டோ இல்லை.

அதற்கப்புறம் சில நாள் நம் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது, அதுதான் பயமாக இருந்தது. நேரத்துக்குக் காப்பி, நேரத்துக்குச் சாப்பாடு, கேட்டதற்குப் பதில். காலை நடைக்கு வரவில்லை, முழங்கால் வலி என்றாள், அவளுக்கு முழங்கால் வலி வந்து நான் பார்த்ததே இல்லை. நான் தனியாகப் போய்க் கப்பல் பாலத்துக் கம்பிகளைப் பார்த்துவிட்டு வந்தேன், மூச்சு விடும் முறையை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே போனதும் பிரசவத்தைப் பற்றிப் பேச்சே வராது, கடலில்தான் நிற்கப்போகிறாய், ஊருக்காகச் சொன்னதுதானே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அதற்கு அவள் சொன்ன பதிலை எழுதுகிறேன், நீ பெண், உனக்கு எனக்கு முன்னால் புரியும். நான் சும்மா போறேன்னு சொல்ல ஒங்களுக்கே வெக்கமா இருக்கு, அப்புறம் நான் எந்த மொகத்தோட அங்க போயிச் சும்மா இருக்கறது என்றாள். ரஞ்சிதம், எனக்கு அப்போதுதான் உறைத்தது. கப்பல் டிக்கெட்டையும் தீவையும் நான் கொடுக்கலாம், அவள் கேட்டது அது அல்ல. தனக்காக ஒரு தடவை வெளியே போவதை நாலு பேர் முன்னால் சொல்லலாம் என்ற ஒன்றைத்தான் கேட்டாள், அதைத்தான் நான் பால்சுறாவுக்கு விற்றுவிட்டு வந்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஒரு மாட்டுவண்டி பேசினேன். ஓலைப்பெட்டி, ஜாடி, மூட்டை, மணைக்கட்டை எல்லாவற்றையும் ஏற்றினேன். எங்கே போகிறேன் என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீராம்பட்டினத்தில் உன் அத்தை வீட்டு முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்து கருவாட்டுக்கு மீன் அறுத்துக்கொண்டிருந்தார்கள், சாமான் கொடுத்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே இருந்தார்கள், என் நல்ல நேரம். வரும் வழியெல்லாம் அழகாக ஒரு பேச்சுத் தயார் செய்திருந்தேன், பிரெஞ்சுக்காரர்கள், நாகரிகம், உடல்நலம் என்று. மணைக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றதும் பேச்சு முழுக்க மறந்துபோயிற்று. பிரசவம் பொய்யி, அவ அம்மாவே அங்க இருக்கா, நானும் சொர்ணமும் சும்மா போறோம், அந்தத் தண்ணியில நின்னா கால்விரல் தெரியுமாம், அவ பாக்கணும்னு ஆசப்பட்டா, அவ்ளோதான் என்று சொல்லி முடித்தேன். அந்த மணையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நானே அதில் உட்கார்ந்தேன். அறுவாமணையில் எல்லார் கையும் நின்றுவிட்டது. பூவாயி என்று உன் அத்தையின் நாத்தனார், அவள்தான் முதலில் சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள், கெழவனுக்கும் கெழவிக்கும் தேன்நெலவா என்று ஒருத்தி கேட்டாள், நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன், இனிமேல் போவதற்கு என்ன மானம் மிச்சமிருக்கிறது.

உன் அத்தை சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, ஒனக்கு ஒண்ணும் இல்லியே என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்றேன். சொர்ணத்துக்கு என்றாள். அவளுக்கும் ஒன்றும் இல்லை என்றேன். டாக்டரு எதுவும் கெடு சொல்லலியே என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, பிரசவக் கதையை அவள் ஒரு நாளும் நம்பவில்லை. நானும் அம்மாவும் வீடு வீடாக விருந்து சாப்பிடுவதைப் பார்த்து, எங்களில் ஒருத்தருக்கு ஏதோ பெரிய வியாதி, அதை மறைத்துக்கொண்டு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போகிறோம் என்று நினைத்து, அம்மனுக்குக் காசு முடிந்துவைத்திருக்கிறாள். மடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்துக் காட்டினாள். சத்தியமாக ஒன்றுமில்லை அக்கா, சும்மா என்றேன். அவள் முற்றத்துக்கு வெளியே கடலைப் பார்த்தாள். அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது அவளுக்கு, புருஷன் போன நாள்முதல் அந்தக் கரையில்தான் கூடை தூக்குகிறாள், சாமி கும்பிடவும் சாவுக்கும் தவிர ஊர் எல்லை தாண்டியதில்லை. பிறகு என்னைப் பார்க்காமல், சும்மா போவலாமா என்று கேட்டாள். திட்டுகிற குரல் இல்லை. போகலாம் என்று தலையை ஆட்டினேன். அப்புறம் இன்னும் மெதுவாக, மற்றவர்கள் காதில் விழாமல், இன்னொரு ஆளுக்கு எடம் இருக்குமாடா என்றாள்.

வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன், மணைக்கட்டையில் உட்கார்ந்ததையும் சேர்த்து. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், கேட்டுக்கொண்டே களைந்தாள், தேன்நிலவுக்கு நான் ஆமாம் போட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் சிந்தியது. எல்லாம் முடிந்தபின், அத்தனை பேரு எதுர்லயும் சும்மான்னு சொன்னீங்களா என்று ஒரு தடவை கேட்டாள். சொன்னேன் என்றேன். மறுநாள் விடிவதற்குமுன் என்னை எழுப்பி நடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள், முழங்கால் வலி தீர்ந்துவிட்டதாம். திரும்பி வந்து பார்த்தால் போட்டோ மறுபடியும் கண்ணாடியில் இருக்கிறது, அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருந்தாள் போல, அந்தக் கிழவரின் மூக்கில் ஒரு அரிசி மாவுத் தீற்றல். என் நாத்தியும் வரட்டும், என்னா காரணம்னு கேக்காம வர்றவங்க யாரா இருந்தாலும் வரட்டும் என்றாள். இரண்டாவது தொப்பி எனக்குத் திரும்பி வரும் என்று ஒரு நப்பாசை இருந்தது, அது அத்தைக்குப் போய்விட்டது, போட்டுப் பார்த்தாளாம், பொருந்துகிறதாம். ஆக தம்பதியாக வக்கான்ஸ் போகத் திட்டம் போட்ட நான், என் அக்காவையும் மனைவியையும் இரண்டு பக்கம் வைத்துக்கொண்டு நாலு நாள் வாந்தியெடுக்கப் போகிறேன். பொங்கல் கழிந்து கடல் அடங்கியதும் கப்பல், மூன்று பேருக்கும் இடம் சொல்லியாகிவிட்டது. பால்சுறாக் கருவாட்டை மட்டும் அத்தை திரும்ப வாங்க மறுத்துவிட்டாள், அது தனக்கொடிக்குத்தானாம், பொய் சொன்னதற்கு அதைச் சுமந்துகொண்டு போவது எனக்குத் தண்டனை. கப்பலில் என் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள், அதுவும் நல்லதுதான்.

இனி உனக்குச் சில வார்த்தை. சின்னவனுக்குக் குளிர் காலத்தில் நல்லெண்ணெய் தேய்க்காமல் விடாதே, இல்லாவிட்டால் அந்த ஊர் எண்ணெய் எது கிடைக்கிறதோ அதைக் காய்ச்சித் தேய். மாப்பிள்ளையிடம் கப்பலில் வாந்தி வராமலிருக்கக் கப்பற்படையில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு உடனே எழுது, பொங்கலுக்குள் வந்துசேர வேண்டும், எலுமிச்சம்பழம் என்று எழுதாதே, அதை முகர்ந்துகொண்டேதான் அன்றைக்கு வாந்தியெடுத்தேன். பக்கத்து வீட்டுத் தம்பதிக்கு எங்கள் வந்தனம் சொல்லு, அவர்கள் முலாம்பழம் தின்றதால் இங்கே ஒரு கிராமம் கலகலத்தது என்று வேண்டுமானால் சொல்லு.

இன்னொன்றும் உண்டு, இதை அம்மா எழுதச் சொல்லவில்லை, ஆனால் நான் எழுதும்போது பின்னால் வந்து நின்றுகொண்டிருக்கிறாள், ஆகையால் இருவருமாக எழுதுகிறோம் என்று வைத்துக்கொள். நீ கடைசியாக வந்தது உன் கொழுந்தன் கல்யாணத்துக்கு. அதற்கு முன்னால் வந்தது உன் ஆயா காரியத்துக்கு. இரண்டு தடவையும் வந்தவர்களுக்கு இலை போட்டதில் உன்னை உட்காரவைத்து ஒரு வாய் பேச முடியவில்லை. அடுத்த தடவை யாராவது கல்யாணம் வைக்கட்டும், யாராவது சாகட்டும் என்று காத்திருக்காதே அம்மா. எதற்கு வந்தாய் என்று தெருவில் கேட்டால் பதில் நான் சொல்லிக்கொள்கிறேன், எனக்கு இப்போது சொல்லத் தெரியும். நீ சும்மா வா.

நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு,

உன் அப்பா
குமாரவேல்

அம்மா பக்கத்தில் நின்று ஆசி சொல்கிறாள், தொப்பியோடு.